அப்பா கராத்தே படித்த காற்றுக்காலம்

நம்மோடு பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள். பேத்தியைத் தற்காப்புக்காக ஏதாவது வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். கராத்தேயா, சிலம்பமா, குங்ஃபூவா, புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எது நல்லது என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள்கூட எட்டி உதைப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் மட்டும் பதில் போடவில்லை. பதினோரு வயதில் இதே கேள்வியோடு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பஸ்ஸில் அலைந்தவள் நான். கேள்வி என்னுடையது இல்லை, அப்பாவுடையது. நாலு வரியில் எழுத வராததால் இப்படி நீட்டி எழுதுகிறேன். நேரமிருப்பவர்கள் படியுங்கள்.

போடி கடைவீதியில் எங்கள் கடை இருந்ததை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் கடை. ஏலக்காய்த் தோட்டக்காரர்களும் மிளகு வியாபாரிகளும்தான் வருவார்கள். புதுச் சாக்குக் கட்டைப் பிரித்தால் மண்ணெண்ணெயும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழும். எங்கள் வீட்டுத் தலையணைகளில்கூட அது இருந்தது. தார்ப்பாய் அளக்க அப்பா இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்ட ஒரு கஜக்கோல் வைத்திருந்தார். மீட்டர் கணக்கு வந்து எவ்வளவோ காலமான பிறகும் அதைத் தூக்கிப் போடவில்லை. அந்தக் கோல் எங்கே போனது என்று தெரியவில்லை. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள்.

அந்த வருஷம் ஆனி கடைசியில் மலைப் பக்கமிருந்து காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. கடைவாசலில் தொங்கும் தார்ப்பாய்கள் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் நான் கடைக்குள் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து சாக்கு லோடு வந்து நின்றது. கடைக்கு நேர் எதிரே ஒரு ஜீப் நின்றதால் லாரி ஒதுங்க முடியவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அது. அதன் சொந்தக்காரரே முன்சீட்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாலைந்து ஜீப்புகள் ஓடின.

அப்பா இறங்கிப் போய், “அண்ணே, வண்டியக் கொஞ்சம் முன்னால நிப்பாட்டுங்க. லோடு எறக்கணும்” என்றார்.

“ஆளு வரட்டும்.”

“ரெண்டடி தள்ளுனாப் போதும்ண்ணே.”

“ஏலே, யாருகிட்ட வந்து சொல்ற?”

ஜீப்காரர் இறங்கினார். கையில் இருந்த காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு அப்பாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். காற்றுச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. அப்பா காதில் செருகியிருந்த பென்சில் தெறித்து விழுந்தது.

நான் பார்த்தது அறையைவிட, அதற்கு முந்தைய நொடியைத்தான். கை வந்து சேர்வதற்கு முன்பே அப்பாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. விளக்கெண்ணெய் புகட்ட மூக்கைப் பிடிக்கும்போது பிள்ளைகள் மூடிக்கொள்ளுமே, அப்படி.

அப்பா குனிந்து பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். உள்ளே வந்து கல்லாவில் உட்கார்ந்தார். கடைவீதியே பார்த்தது. யாரும் கிட்டே வரவில்லை. பக்கத்து சோடாக் கடைக்காரர் மட்டும் ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொண்டுவந்தார். அப்பா வேண்டாம் என்றார். பிறகு வாங்கிக் குடித்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமோ கோபமோ ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த போதகர், மறு கன்னத்தைக் காட்டச் சொல்லும் வசனத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, “நம்ம சபையிலயே ஒரு சகோதரர் நேத்து இதைச் செஞ்சு காட்டியிருக்காரு” என்றார். பேர் சொல்லவில்லை. எல்லாத் தலையும் அப்பாவும் நானும் இருந்த பெஞ்சைப் பார்த்துத் திரும்பியது. அப்பா பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் அம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபை மூப்பர் ஒருவர் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “திருப்பி அடிக்கத் தெரியாமலா இருந்தீக? அடக்கிக்கிட்டீக பாருங்க, அதுதான்யா சாட்சி” என்றார்.

பாவம், அவர் உண்மையாகவே மெச்சினார். அப்பா எதையும் அடக்கிக்கொள்ளவில்லை என்பதும், அங்கே அடக்குவதற்கு ஒன்றுமே எழவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். தெருமுனைக்கு வந்ததும் அவர் என்னிடம் கேட்டார்:

“ஆத்தா, உனக்கு இந்தத் தற்காப்புக் கலை கத்துக்கணும்னு ஆசையா?”

எனக்கு அப்படி ஓர் ஆசையும் இல்லை. “ம்” என்றேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் அம்மாவிடம் அதைச் சொன்னார். “பொட்டப்புள்ள. பஸ்ஸுல போக வர ஒரு தைரியம் வேணும்.”

“அது அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துல்ல போகுது. எந்த பஸ்ஸு?” என்றாள் அம்மா.

“நாளைக்குக் காலேஜுக்குப் போகும்ல.”

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

முதலில் அனுமந்தன்பட்டிக்குப் போனோம். அங்கே அப்பாவுக்குத் தெரிந்த ஒரு விவசாயி சிலம்பம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். திராட்சைப் பந்தலை ஒட்டிய வெற்றிடத்தில் பத்துப் பன்னிரண்டு பையன்கள் கம்பு சுற்றினார்கள். பந்தலுக்கு அடித்த மருந்தின் நெடி தொண்டையைக் கரகரக்க வைத்தது. வாத்தியார் ஒரு கம்பை என் பக்கத்தில் நிறுத்தி, நெற்றி உயரத்துக்கு விரலால் குறி வைத்தார். காலை எப்படி மாற்றி வைப்பது என்று காட்டினார். நான் வைத்தேன். அப்பா பின்னால் நின்று தன் செருப்புக் காலையும் அதே மாதிரி மாற்றி வைத்துப் பார்த்ததை நான் ஓரக்கண்ணால் கண்டேன்.

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்றார் அப்பா. “திடீர்னு ஒருத்தன் கைய ஓங்குறான். நம்ம கையில கம்பு இல்ல. அப்ப?”

“கம்பு இல்லாம ஏன் வெளிய போறீக?” என்று வாத்தியார் சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள்.

“இல்லண்ணே. ஓங்குனதும் கண்ணு தானா மூடிக்கிருதுன்னு வைங்க. அதுக்கு என்ன செய்றது?”

“அதுக்கு நாலு அடி வாங்கணும். வாங்க வாங்கச் சரியாப் போயிரும்.”

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, “நல்ல மனுசன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா கடையில கம்ப எங்கன சாத்தி வைக்கிறது?” என்றார்.

அடுத்தது குமுளி. கம்பத்தில் பஸ் மாறி, மலையேறி, கேரள எல்லையைத் தாண்டி ஒரு களரிப்பயிற்றுக் கூடத்துக்குப் போனோம். கூரைக்குள்ளே தரையை ஆள் மட்டத்துக்குத் தோண்டி இறக்கியிருந்தார்கள். மண்ணும் எண்ணெயும் விளக்குத் திரியும் கலந்த வாசம். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி, ஆசானின் மகளாம், நின்ற இடத்திலேயே காலைத் தலைக்கு மேலே வீசித் தன் உள்ளங்கையைத் தொட்டாள்.

ஆசான் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். முதல் ஒரு வருஷம் உடம்பைப் பழக்குவதுதான், எண்ணெய் தேய்த்துக் காலை வீச வேண்டும், கையால் தடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு என்றார். அப்பா அதே கேள்வியைக் கேட்டார். ஆசான் எழுந்து வந்து அப்பாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அப்பா நெளிந்தார்.

“இங்கன பயங்கர இறுக்கம். பேடி இங்கேயாணு இருக்கு” என்றார் ஆசான். பேடி என்றால் அவர்கள் மொழியில் பயம். “படிக்கிறது குட்டியோ, சாரோ?”

“குட்டிதான், குட்டிதான்” என்று அப்பா அவசரமாகச் சொன்னார்.

இறங்கி வரும்போது எனக்கு நேந்திரங்காய் வறுவல் வாங்கித் தந்தார். “தூரம் ஜாஸ்தி. வாரா வாரம் வர முடியாது” என்றார். இன்று யோசித்தால், அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த ஒருவர்தான் சரியான இடத்தில் கையை வைத்தார். அதனாலேயே அப்பா அங்கே திரும்பிப் போகவில்லை.

கடைசியில் தேனி. பஞ்சு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கராத்தே வகுப்பு நடந்தது. மாஸ்டர் சின்ன வயசுக்காரர். மற்ற நாட்களில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. மூன்று கலைகளையும் எடை போட்டு அப்பா கராத்தேயைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. தேனியில் அப்பாவைத் தெரிந்தவர்கள் குறைவு. வகுப்பு ஞாயிறு காலை, சர்ச் நேரத்தில். அந்த பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. அவ்வளவுதான் காரணம்.

முதல் வாரம் அவர் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். இரண்டாவது வாரம் மாஸ்டரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ பேசினார். மூன்றாவது வாரம் எங்கள் தையற்காரரிடம் காடாத் துணியில் தைத்து வாங்கிய வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நாற்பத்தாறு வயசு. தொந்தியின் மேல் வெள்ளை பெல்ட் நிற்காமல் நழுவியது. முன்வரிசையில் நின்ற சிறுவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாஸ்டர் ‘இச், நி, சான்’ என்று ஜப்பான் மொழியில் எண்ணும்போது, சர்ச்சில் ஆமென் சொல்கிற அதே தாழ்ந்த குரலில் அப்பாவும் சேர்ந்து எண்ணினார். தரையில் கிடந்த பஞ்சுத் தூசி வியர்த்த முதுகில் ஒட்டியிருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொள்வோம். எனக்கு வெட்கமாக இருந்ததா, சந்தோஷமாக இருந்ததா? உங்களுக்குச் சொல்வதற்காக யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. கால் மரத்துப்போனால் இருக்கிறது என்று தெரியும், தொட்டால் தெரியாது. அந்த மாதிரி இருந்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மற்றவரின் மூக்கை நோக்கிக் குத்தி, விரலளவு இடைவெளியில் கையை நிறுத்த வேண்டும். எதிரே நிற்பவர் கண் சிமிட்டக் கூடாது. அப்பா அதற்காகத்தான் வந்திருந்தார். வகுப்பில் அது அவருக்கு ஒரு முறைகூடக் கைகூடவில்லை.

அதனால் மாலையில் கடைக்கு மேலேயிருந்த கிட்டங்கிக்கு என்னை அழைத்துப் போவார். சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒரு சந்து. ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று ஊளையிடும்.

“வா ஆத்தா. மூஞ்சிக்கு நேரா வா.”

நான் குத்துவேன். மூடிக்கொள்ளும்.

“இன்னொருக்க.”

மூடிக்கொள்ளும். அவர் கையை இறுக்கிப் பார்த்தார், மூச்சை அடக்கிப் பார்த்தார், என் நெற்றியையே உற்றுப் பார்த்தார். அவருடைய இமைகளை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வலது இமையில் சின்னதாக ஒரு மரு இருந்தது. பிறகு அவர் என்னை நோக்கிக் குத்துவார். நான் மூடவில்லை. எனக்கு அது முதல் நாளிலிருந்தே வந்தது. அது திறமை என்று மாஸ்டர் பாராட்டினார். எனக்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் நான் கையை நிறுத்தத் தவறி அவர் மூக்கிலேயே பட்டுவிட்டது. ரத்தம் ஒரு கோடாக இறங்கி மேலுதட்டில் நின்றது. அப்போது பார்த்து அம்மா படியேறி வந்தாள். ஓங்கிய கையோடு நான், எதிரே ரத்தத்தோடு அப்பா. அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். திரும்பி இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் துண்டும் படிக்கட்டின் உச்சியில் இருந்தன. இரவுச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

போதகர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, மூன்று வாரமாகக் காணோமே என்று விசாரித்தார். “பிள்ளைக்குக் கிளாஸு” என்றார் அப்பா. போதகர் என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்.

ஆடி முடியப்போகிற சமயம். பள்ளிக்கூடம் விட்டு நான் கடைக்கு வந்திருந்தேன். ஜீப்காரர் கடைப்படி ஏறி வந்தார். சோடாக் கடைக்காரர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? வண்டி மேல கட்ட ஒரு தார்ப்பாய் குடுங்க. மலை மேல சாரல் விடவே மாட்டேங்குது” என்றார் ஜீப்காரர்.

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவருக்கு நினைவே இல்லை. ஒரு நாளில் எத்தனை பேரை ஒதுக்கித் தள்ளுகிறவரோ, அதில் எங்கள் அப்பா எந்த மூலையில் கிடந்தாரோ.

அப்பா தார்ப்பாயை விரித்து, கஜக்கோலால் அளந்து, வெட்டி மடித்தார். வகுப்பில் சொன்னபடி கால்களைச் சற்று அகட்டி நின்றிருந்தார்.

“கட்டுறதுக்குக் கயிறும் வேணுமே. அந்தா, அந்தப் பச்சைக் கயிறு” என்று சொல்லி, மேல் தட்டைக் காட்டுவதற்காக ஜீப்காரர் வலது கையை விருட்டென்று தூக்கினார்.

அப்பாவின் இடது கை பாதி எழும்பி நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது. கண்கள் இறுக மூடியிருந்தன.

ஜீப்காரர் அண்ணாந்து கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அவர் பார்வை இறங்குவதற்குள் அப்பா கண்ணைத் திறந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். கயிற்றுச் சுருளை இறக்கி, வேண்டியதை வெட்டிக் கொடுத்தார். ஜீப்காரர் கயிற்றை இழுத்துப் பார்த்து, “நம்ம கடைச் சாமான் எப்பவும் கெட்டிதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சக் கயிறு தரையில் குலைந்து கிடந்தது. அப்பா உட்கார்ந்து அதைச் சுற்றத் தொடங்கினார். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

“மூடிட்டேனா?”

“ஆமாப்பா.”

“முழுசாவா?”

“முழுசாத்தான்.”

இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.

“அன்னைக்கும் நீ உள்ளதான இருந்த?”

“ஆமாப்பா.”

இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீ மூடுனியா, இப்ப?”

“இல்லப்பா.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பச் சரி” என்றார். கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, “இறுக்கிப் பிடி, சிக்கு விழுந்துரும்” என்றார். பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் வகுப்புக்கு வரவில்லை. சர்ச்சுக்குத் திரும்பிப் போனார்; அதே பெஞ்சில் உட்கார்ந்தார். பொறுமைக்காரர் என்ற பேர் கடைசிவரை கூடவே இருந்தது. எண்பது வயது தாண்டி, படுக்கையில், யாருக்கும் தொந்தரவில்லாமல் போனார். கல்லறைக் கல்லில்கூட சாந்தகுணம் என்று பொறித்திருக்கிறார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. அவர் பெட்டியை மூடும்போது எல்லோரும் நான் அழுவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்மனசுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம்.

நான் மட்டும் மேலும் இரண்டு வருஷம் தேனிக்குப் போய் கராத்தே படித்தேன். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை பஸ் நெரிசலில் ஒருவன் கை வைத்தபோது, படித்த அத்தனையும் உடம்பில் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கை எழவில்லை. யாருடைய கையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

இவ்வளவும் எழுதினாலும், அந்தக் காற்றுக்காலத்தில் எனக்குத் துலக்கமாக இருப்பது கயிறு சுற்றிய நாளுக்கு அடுத்து வந்த ஞாயிறுதான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்தில் நின்றேன். அம்மா ஏற்கெனவே சேலை மாற்றி, என் வெள்ளை உடுப்பை மடித்துப் பையில் வைத்திருந்தாள். “வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். சர்ச்சுக்குப் போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே கிளம்பி நான் பார்த்தது அன்றுதான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பாவ அடிச்சது எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். சோடாக் கடைக்காரரு வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போச்சு.”

நான் திரும்பிப் பார்த்தேன். “அப்புறம் ஏம்மா அப்பாகிட்டக் கேக்கல?”

“கேட்டா, அவுக வாயால சொல்லணுமில்ல.”

நடத்துநர் வந்தார். அம்மா ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் வாங்கினாள்.